வடியாத தொட்டி: அடைப்பின் காரணங்களும் திருத்தும் முறையும்

கோலார் தங்கவயலில் காணப்படும் வெளிர்நிறக் குன்றுகள் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. 1880-ஆம் ஆண்டில் முறையாகத் தொடங்கிய சுரங்கப் பணி, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நின்றது. அதுவரை பாறையைத் தூளாக்கித் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவே அங்கு குவிந்துள்ளது. அதன் அளவு மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டது. சயனைடு கரைசல் கொண்டு தங்கம் எடுக்கப்பட்டமையால் இவை சயனைடு மேடுகள் எனப்படுகின்றன.

தூளாக்கிய பொருளின் மேல் திரவத்தை ஊற்றி, வேண்டிய சத்தைக் கரைத்து, அடியில் வடித்தெடுப்பது பல தொழில்களுக்கும் பொதுவான முறை. சுரங்க ஆலையில் அத்திரவம் சயனைடு கரைசல். பீர் காய்ச்சுவோரின் தொட்டியில் அது சுடுநீர். இரண்டிலும் நேரும் முதன்மையான இடையூறு வடிகால் அடைபடுவதே. சிறிய தொட்டியை எடுத்துக்கொண்டு அதன் காரணங்களை இங்கு ஆராய்வோம். உரிமமின்றி மது தயாரிப்பது நம் நாட்டின் பல மாநிலங்களில் குற்றமாகும். நாம் காண்பது நொதித்தலுக்கு முன், மால்ட் சாறு வடிக்கும் கட்டம் மட்டுமே.

தொட்டியின் அமைப்பு

முளைகட்டி உலர்த்திய பார்லியைக் குருணையாக உடைத்து, ஏறத்தாழ 65 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பர். மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். தொட்டியின் அடியில், சற்று உயரத்தில், துளைகள் நிறைந்த தட்டு ஒன்று இருக்கும். தட்டின் கீழுள்ள இடத்திலிருந்து குழாய் வெளியே செல்லும். உண்மையில் சாற்றை வடிகட்டுவது இத்தட்டு அன்று; அதன்மேல் படியும் உமிப் படுகையே. தட்டு அப்படுகையைத் தாங்குகிறது. இதனை மறந்தவர்கள் துளைகளை மேலும் சிறிதாக்கி அடைப்பைப் பெருக்கிக்கொள்வர்.

அடைப்பு ஏன் ஏற்படுகிறது?

மணற்படுகையில் நீர் செல்லும் அளவு, மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாட்டிற்கு நேர்விகிதத்திலும், படுகையின் கனத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்று 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி நிறுவினார். மணியின் அளவும் முக்கியமானது. அதன் குறுக்களவு பாதியானால், ஊடுருவும் வேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். ஆகவே சிறிதளவு நுண்பொடியும் பெருமணிகளின் இடைவெளியில் புகுந்து, முழுப் படுகையையும் அடைத்துவிடும்.

சயனைடு முறையைக் கையாண்ட ஆலைகள் இதனை நன்கு அறிந்திருந்தன. மணலைத் தொட்டியில் இட்டு வடித்தனர். சேறு போன்ற நுண்பொடியைப் பிரித்து, கரைசலுடன் கலக்கித் தனியே பதப்படுத்தினர். இரண்டையும் ஒன்றாகத் தொட்டியில் இட்டால், கரைசல் எளிய வழியிலே மட்டும் ஓடி, எஞ்சிய பகுதியிலுள்ள தங்கம் கரையாமலே நிற்கும். மால்ட் தொட்டியில் அவ்வாறு நிற்பது சர்க்கரை.

மால்ட் படுகைக்கு மற்றொரு இயல்பும் உண்டு. மணலைப் போலன்றி அது அமுங்கக்கூடியது. குழாயை முழுதும் திறந்தால் கீழிருந்து இழுவிசை மிகுந்து, படுகை இறுகி, இடைவெளிகள் மூடிக்கொள்ளும். விரைந்து வடிக்க விரும்பியவரின் தொட்டியே முதலில் நின்றுபோகும்.

தானியத்தின் வகையும் கருதத்தக்கது. பார்லியின் உமி மணியோடு ஒட்டியிருப்பதால் படுகைக்குத் தாங்குதல் கிடைக்கிறது. கோலார் வட்டாரத்தின் முதன்மைத் தானியமாகிய கேழ்வரகிற்கு அத்தகைய உமி இல்லை. கேழ்வரகு மால்ட் மாவு எளிதில் களியாகித் தட்டை அடைக்கும். சிக்கிமில் நொதித்த கேழ்வரகை அரைக்காமல் முழுமணியாகவே கலத்தில் இட்டுச் சுடுநீர் ஊற்றி, நுனியில் சிறு துளைகளுள்ள மூங்கில் குழலால் உறிஞ்சுவர். மணி உடையாததால் குழல் அடைபடுவதில்லை.

குறையைக் கண்டறியும் முறை

அடைப்பு எவ்விடத்தில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1. குழாயை மூடிச் சில நிமிடங்கள் பொறுத்து, பின் சிறிதே திறக்கவும். ஓட்டம் மீண்டால், படுகை இறுகியதே காரணம்.

2. வெளிக்குழாயில் குமிழிகள் தோன்றினால் இணைப்புகளில் காற்று புகுகிறது. சாறு வளைகுழாய் வழியே மேலேறி இறங்கும் அமைப்பில் இது அடிக்கடி நிகழும். இணைப்பை இறுக்கினால் போதும். படுகையைக் கிளறத் தேவையில்லை.

3. இவை இரண்டும் பயன்படாவிடில், வெளிக்குழாய் வழியாகச் சிறிது சுடுநீரை மெதுவாக உள்ளே செலுத்தவும். நீர் கீழிருந்து படுகையைத் தூக்கி, துளைகளில் சிக்கிய துகள்களை விலக்கும். வாயால் ஊதுவது தீங்கு விளைவிக்கும்.

4. சாறு ஆறிப் பிசுபிசுத்தால், 75 பாகை வெப்பமுள்ள நீரை மேலே தெளிக்கவும். அவ்வெப்பநிலையில் நீரின் பிசுபிசுப்பு 25 பாகையில் உள்ளதைவிடப் பாதிக்கும் குறைவு. மேலும் சூடாக்கினால் உமியின் துவர்ப்பு சாற்றில் இறங்கும்.

5. இறுதி வழியாக, படுகையின் மேற்பகுதியை நீண்ட கரண்டியால் கீறிவிடவும். கரண்டி தட்டைத் தொடலாகாது. பின்னர் வரும் கலங்கல் சாற்றை, தெளியும் வரை மீண்டும் மேலே ஊற்றவும்.

மீண்டும் நேராமல் தடுக்க, குருணையைப் பெரிதாக உடைப்பதும், கழுவிய நெல் உமியைத் தானிய எடையில் இருபதில் ஒரு பங்கு கலப்பதும் நல்ல வழிகள்.

வகுப்பறைச் சோதனை

அடியில் ஒரே அளவுள்ள துளையிட்டுத் துணி கட்டிய மூன்று கலங்களை எடுத்துக்கொள்க. முதலாவதில் கழுவிய ஆற்றுமணல். இரண்டாவதில் அதே மணலுடன் ஐந்தில் ஒரு பங்கு களிமண். மூன்றாவதில் இரண்டாவதன் கலவையுடன் ஒரு பிடி உமி. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் நீர் ஊற்றி, வடியும் நேரத்தை மாணவர்கள் குறிக்கட்டும். மண்ணின் வடிகால் தன்மையை உழவர்களுக்கு விளக்கவும் இது உதவும்.

தங்கவயல் ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். இச்சோதனைக்குச் சயனைடு மேடுகளின் தூளை எக்காரணம் கொண்டும் எடுத்து வரலாகாது. அது ஆலைக் கழிவு. காற்றில் எளிதில் பறந்து மூச்சுடன் உட்செல்லும் நுண்மை உடையது. தொட்டியில் வடிகாலை அடைக்கும் அதே நுண்மைதான் வெளியில் நுரையீரலுக்கும் கேடு செய்கிறது. பொடியின் அளவை அறிந்து நடத்தலே இரண்டிடத்தும் முதற்காப்பு என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் நலம்.