போக்சனின் குறிப்பேடுகள்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. தரவெல்லாம் சேர்ந்த பிறகும் "இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று கட்டுரையைத் தள்ளிப்போட்டு வருகிறாயாமே, அப்பா சொன்னான். விண்மீன்களைப் படிக்கிற உனக்கு நார்மன் போக்சனைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

1829-ல் நாட்டிங்காமில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தபோது, மறுவருடம் முப்பத்தாறு சிறுகோள்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று 1856-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஒரு பொலிவெண்ணுக்கும் அடுத்ததற்கும் ஒளியில் 2.512 மடங்கு வித்தியாசம் என்று அதில்தான் வகுத்தார். ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்கு. அந்த எண்ணை எடுத்ததற்குக் காரணம், அதன் மடக்கை 0.4, கணக்குப் போட எளிது. சிறுகோள் அட்டவணைக்குச் செய்துகொண்ட வசதி இன்று உலகத்துக்கே அளவுகோல். நீயும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறாய்.

1861-ல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு அரசு வானியலாளராக வந்தார். அந்த வருடமே ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது, 'ஏசியா' என்றே பெயர் வைத்தார். ஆள்பலம் போதாது. வானாய்வக உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கைகொடுத்தார், பின்னாளில் போக்சனின் மகள் ஐசிஸும் உதவியாளராகச் சேர்ந்தாள்.

இரவிரவாக அளந்து குறிப்பேடுகள் நிரம்பின, அச்சுக்குப் போகவில்லை. 1862 முதல் எடுத்த விண்மீன் அளவீடுகள் 1880களின் இறுதியில்தான் தொகுதிகளாக வரத் தொடங்கின. 1891-ல் சென்னையிலேயே இறந்தார். மீதியை அடுத்து வந்த மிச்சி ஸ்மித் முடித்துக்கொடுத்தார். அதற்குள் அந்த அளவீடுகளுக்காகக் காத்திருந்தவர்கள் வேறு பட்டியல்களுக்குப் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். 1868 சூரிய கிரகணத்திலும் இதே கதைதான்: போக்சன் அதை மசூலிப்பட்டினத்தில் நிறமாலைமானியோடு பார்த்தார். அவர் அறிக்கை மதராஸோடு நின்றது. குண்டூரிலிருந்து பார்த்த பிரெஞ்சுக்காரர் ழான்சனின் கடிதம் பாரிசுக்குப் போய்ப் பெயர் வாங்கித் தந்தது.

போக்சனை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடம் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு அளந்த மனிதர். ஆனால் அவர் உழைப்பில் எது இன்றும் பிழைத்திருக்கிறது என்று பார், மகளே: சிறிதாக இருந்தாலும் அன்றே வெளியிட்ட அந்தச் சிறுகோள் பட்டியலின் அளவுகோல்.

உன்னிடம் இருப்பது முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிழை வரம்பைத் தெளிவாகச் சொல்லி, இந்த மாதத்துக்குள் முதல் வரைவை உன் வழிகாட்டியிடம் கொடுத்துவிடு. கொடுத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா