கல்வெட்டுகளும் தேசப்படமும்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹெப்பாள், முன்னர் ஒரு கிராமம். 2018-ஆம் ஆண்டில் அங்கே ஒரு வீரக்கல் கண்டறியப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ஏறத்தாழக் கி. பி. 750-இல், போரில் மாண்ட கிட்டய்யா என்பவரின் நினைவுக்கல் அது. அதனைக் காக்கும் மண்டபத்திற்கு மக்களே பொருளுதவி செய்தனர்.

எல்லாக் கற்களுக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905-இல் தொகுத்து வெளியிட்டார். அதில் இருப்பிடம் இன்ன ஊர், இன்ன கோயிலின் முன்புறம் என்றே குறிக்கப்பட்டது. ஊரே நகரினுள் கரைந்துவிட்டால் அக்குறிப்பைக் கொண்டு எங்கே தேடுவது? பல கற்கள் மறைந்துபோயின.

மிதிக் சொசைட்டி 2021-இல் தொடங்கிய திட்டத்தில், கல்லின் வடிவம் ஒளிக்கருவியால் முப்பரிமாணத்தில் பதிவு செய்யப்படுகிறது. அது நிற்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தேசப்படத்தில் குறிக்கப்படுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் கைக்கருவியை வந்தடையும் காலத்தைக் கொண்டு இடம் கணிக்கப்படுகிறது. திறந்த வெளியில் பிழை சில மீட்டர்களே. எனவே அயலூரிலிருந்து காணவருவோரும் எளிதில் கல்லை அடையலாம்.

ஆயினும் செயற்கைக்கோள் இடத்தை மட்டுமே அறிவிக்கும். வேலியோரம் சாய்ந்து கிடப்பது எழுத்துள்ள கல் என்பதை முதலில் காட்டவேண்டியவர் ஊராரே. அவர்கள் காட்டிக் குறிக்கப்பட்ட கல்லைச் சாலை அகலப்படுத்துவோர் முன்னதாகவே அறிந்து விலக்கி வைக்கலாம். குறிக்கப்படாதது சல்லிக்கற்களோடு சேர்ந்துவிடக்கூடும்.