பேமெண்ட் ஆப்: அறிமுகத் திரைகளை வடிவமைப்பது எப்படி?

மொபைல் ஆப் ஒன்றை முதன்முதலில் திறக்கும்போது, அதன் வசதிகளை விளக்கும் சில பக்கங்கள் வரும். இவற்றை ஆன்போர்டிங் ஸ்கிரீன் என்பார்கள். நாம் அறிமுகத் திரை எனலாம். புரோகிராமிங் தெரியாதவர்களும் இவற்றைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துப் பார்க்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யுபிஐ வசதிக்காக ஐந்து அறிமுகத் திரைகளைத் தயாரித்தேன். படங்கள் அழகாக இருந்தன. என் அம்மா "ஸ்கிப்" பட்டனை அழுத்தி ஐந்தையும் தாண்டிவிட்டார். அடுத்த மாதம், எங்கள் பழைய கட்டிலை வாங்குவதாகப் போனில் பேசியவர், "பணம் வருவதற்குப் பின் எண்ணைப் போடுங்கள்" என்றார். அம்மாவும் போட்டுவிட்டார். வரவேண்டிய 4,000 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. பணம் பெறப் பின் எண் தேவையில்லை என்ற வரி, என் ஐந்தாவது திரையில் சிறிய எழுத்தில் இருந்தது!

தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் பணம் கோரும் வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஆனால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லியும் இதே போல் ஏமாற்றுவார்கள். எனவே அந்த வரி இன்றும் தேவை.

இப்போது நாம் மூன்று திரைகளை உருவாக்குவோம். பவர்பாயிண்ட் புரோகிராமைத் திறந்து, டிசைன் டேபில் ஸ்லைடு சைஸ், கஸ்டம் ஸ்லைடு சைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அகலம் 9 செ.மீ., உயரம் 16 செ.மீ. எனக் கொடுங்கள். போன் திரை போன்ற ஸ்லைடு கிடைக்கும்.

1. முதல் ஸ்லைடு: "பணம் அனுப்பவும் இருப்பு பார்க்கவும் மட்டுமே யுபிஐ பின். பணம் பெற வேண்டாம்." பெரிய எழுத்தில் இது மட்டும் இருக்கட்டும்.

2. இரண்டாவது ஸ்லைடு: தேவையானவை. டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், கார்டு காலாவதியாகும் மாதம், ஆண்டு. வங்கியில் பதிவு செய்த சிம் இந்தப் போனில் இருக்க வேண்டும்.

3. மூன்றாவது ஸ்லைடு: "இது ஏடிஎம் பின் அல்ல. புதிதாக 4 அல்லது 6 இலக்க எண்ணை உருவாக்குங்கள்." கீழே உள்ள பட்டனில் "ஓகே" என எழுதாமல், "பின் எண்ணை உருவாக்கு" என எழுதுங்கள். அழுத்தினால் என்ன நடக்கும் என்பது பட்டனிலேயே தெரிய வேண்டும்.

இன்னொன்று. பின் எண் கேட்கும் பக்கம், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ தரும் பொது லைப்ரரியிலிருந்து வருகிறது. ஆப் தயாரிப்பவர் அதை விருப்பம்போல் மாற்ற முடியாது. ஆகவே "உங்கள் பணம் வெளியே போகிறது" என்ற எச்சரிக்கையை அதற்கு முந்தைய திரையில் வைக்க வேண்டும். அறிமுகத்தை ஸ்கிப் செய்தவரும் அதைப் பார்த்தாக வேண்டும்.

இனி எஃப்5 கீயை அழுத்தி, வீட்டில் உள்ள ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. ஒவ்வொரு திரைக்குப் பின்பும் "என்ன புரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். தவறாகச் சொன்னால் தவறு அவருடையதல்ல, உங்கள் வாசகத்துடையது. மாற்றி எழுதுங்கள்.

என் புதிய திரைகளை அம்மாவிடம்தான் முதலில் காட்டினேன். "பணம் வாங்க நம்பர் கேட்டா போனை வெச்சிடணும், அதானே?" என்றார். அதன் பிறகே அலுவலகத்துக்கு அனுப்பினேன்.