இடுப்புல அடியா? நீவ விடாதே!

கபடி ஆடும் தம்பி, தங்கச்சிகளுக்கு அக்கா முதலில் சொல்வது இதுதான்: இடுப்பில் அடிபட்டதும் எண்ணெய்க் கிண்ணத்தோடு யார் வந்தாலும், அது ஆயாவாகவே இருந்தாலும், நீவ விடாதே.

இடுப்பில் கை ஊன்றி நின்றால் எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும். அதன்மேல் மெத்தென்ற சதை கிடையாது. வயிற்றுத் தசையும் தொடைத் தசையும் வந்து பிடித்திருப்பதும் அங்கேதான். டேஷ் வாங்கி விழும்போதோ, பிடிக்க வந்தவர் முட்டி இறங்கும்போதோ அங்கே ரத்தம் கட்டிக்கொள்ளும். டாக்டர்கள் ‘ஹிப் பாயிண்டர்’ என்பார்கள். இருமினால், சிரித்தால், பாயிலிருந்து எழுந்தால் சுருக்கென்று குத்தும். கன்றிய நிறம் சிலருக்கு மறுநாள்தான் தெரியும். ‘ஒண்ணுமில்லையே’ என்று அடுத்த மேட்ச்சுக்கு இறங்காதே.

உடனே ஐஸ். கடலூர் முதுநகரில் மீன் ஐஸுக்கா பஞ்சம்? உடைத்துக் கவரில் போட்டு, துண்டில் சுற்றி, 15-20 நிமிடம் வை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாளும். வெறும் ஐஸ் தோலைப் புண்ணாக்கிவிடும். புளி உப்புச் சூட்டுப் பத்து, வெந்நீர் ஒத்தடம் இப்போது வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். அழுத்தி நீவினால் சதைக்குள்ளேயே எலும்புபோல் கெட்டி தட்டுவதும் உண்டு. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தம் உறைவதைத் தாமதமாக்கும்.

எப்போது டாக்டர்? காலை ஊன்றவே முடியாவிட்டால். யாரும் மோதாமலே, ஓடும்போது ‘டப்’பென்று ஏதோ விட்டதுபோல் இருந்தால். பதின்வயதில் அந்த எலும்பு விளிம்பு முழுசாக ஒட்டியிருக்காது, தசை இழுத்த இழுப்பில் துண்டாகப் பெயரலாம். எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி (நம்ம ஆட்களுக்கு இன்னும் ‘ராஜா முத்தையா’தான்).

சிறுநீர் சிவந்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, வாந்தி, மயக்கம் வந்தாலோ அடி உள்ளுறுப்புக்குப் போயிருக்கலாம். யோசிக்காமல் 108. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் பாடிப் போன இளைஞர் நெஞ்சில் அடிபட்டு, ஆட்டத்தின் நடுவிலேயே சுருண்டு விழுந்து உயிரிழந்தார். நெஞ்சோ இடுப்போ, அடிபட்டவரை ‘எழுந்து ஆடுடா’ என்று கூட்டம் கத்துவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

தங்கச்சி, இடுப்பு என்பதால் கோச்சிடம் சொல்லக் கூச்சப்பட்டு நொண்டாதே. டீம் அக்கா யாரிடமாவது சொல்.

திரும்ப ஆட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். நாளைக் கணக்குப் பார்க்காதே, வலியைப் பார். ஓடி, குதித்து, பக்கவாட்டில் வெட்டித் திரும்பிப் பார். மூன்றிலும் வலி இல்லையென்றால் பயிற்சிக்குப் போ. முதல் சில நாள் ஷார்ட்ஸுக்குள் அந்த விளிம்பின்மேல் ஃபோம் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொள்.