கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

"சிஸ்டர், சம்பளத்துல மாசாமாசம் இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களே, அதனால நமக்கு என்ன கிடைக்கும்?"

"சுகர் இருக்கறவங்க ராகி களி சாப்பிடலாமா சிஸ்டர்?"

"ராத்திரியில தூக்கமே வரல. யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல."

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் செவிலியராக இருக்கிறேன். வீடு கெலவரப்பள்ளியில். தலைவலி மாத்திரைக்கு வருகிறவர்களும் விரலில் கட்டுப் போட வருகிறவர்களும் கிளம்பும்போது நின்று கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான். மூன்றாவதைக் கேட்கிறவர்கள் மட்டும் முதலில் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள்.

பல வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. நம் பகுதித் தொழிலாளர்கள் உடம்புக்காகச் செலவழிக்கும் பணத்தில் நிறைய, ஏற்கெனவே தங்களுக்கு உரிமையானதையே மறுபடி விலைக்கு வாங்குவதில் போகிறது. ஆகவே புதிதாக எதையும் வாங்குமுன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ.யிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் வீணாவது அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதில் வருவார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடமிருந்து பிடிப்பது 150 ரூபாய், கம்பெனி போடுவது 650. இதில் உங்களுக்கு மட்டுமல்ல, மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. காண்ட்ராக்டில் இருப்பவர்கள் "எங்களுக்கெல்லாம் அது கிடையாது" என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். உண்டு. சம்பள ஸ்லிப்பில் பிடித்தம் காட்டியிருக்கிறதா, உங்கள் பெயரில் ஐ.பி. எண் என்ற இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் வந்திருக்கிறதா, குடும்பத்தார் பெயரெல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஏறாத அம்மாவை அழைத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டிவரும்.

பலரும் இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை வாங்கும் இடம் என்றே நினைக்கிறார்கள். அதைவிடப் பெரியது காசாகக் கிடைக்கும் உதவி. ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும், அவ்வளவுதான். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் உண்டு. வேலைக்கு வரும்போதோ திரும்பும்போதோ வழியில் விபத்து நடந்தால், அதையும் வேலையில் நேர்ந்த காயமாகவே எடுத்துக்கொள்வார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டி வருகிற நம் பிள்ளைகளின் வீட்டார் எத்தனை பேருக்கு இது தெரியும்? சாலை விபத்து என்றால் இன்னொன்றும் உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் காசு கட்ட வேண்டியதில்லை. எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்கிற பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டும் மாதம் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், நானும்தான். ஆனால் அந்தச் சந்தா காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ.க்குச் சந்தா பிடிப்பது நின்றுவிடும். சந்தா காலங்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. சம்பள உயர்வுக் கடிதம் கையில் வந்ததுமே மருத்துவக் காப்பீடு பற்றி யோசிக்க வேண்டும். கம்பெனி குரூப் பாலிசி போட்டுத் தந்தாலும் அது வேலையில் இருக்கும் வரைதான். வயதும் ஏறி, பிரஷரும் வந்த பிறகு வேலை போய்விட்டால் புதுப் பாலிசி எடுப்பது கஷ்டம். சின்னத் தொகைக்காவது சொந்தமாக ஒன்று வைத்திருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுக்கப்பட்டுவிட்டது.

பாலிசி எடுக்கும்போது "சுகர் இருக்கறதைச் சொன்னா குடுக்க மாட்டாங்க, மறைச்சிடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. மறைக்கவே கூடாது. சொல்லி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தது. மறைத்து எடுத்தால், ஐ.சி.யு. வாசலில் நிற்கும் நேரத்தில் கிளெய்ம் மறுக்கப்படும். ஏஜென்ட் "நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னாலும் கையெழுத்து உங்களுடையது. படிவத்தை வெற்றாக வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அறை வாடகை வரம்பையும் பார்த்தே ஆக வேண்டும். மூன்று லட்சம் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவீதம் என்று இருந்தால் 3,000 ரூபாய் வரைதான். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் வாடகையில் பாதி மட்டும் போகும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி போன்றவை நீங்கலாக, மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். எல்லையில் இருக்கும் நமக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. பெரிய நோய் என்றால் இங்கிருந்து எல்லோரும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குத்தான் ஓடுகிறோம். ஓசூர் முகவரியில் குறைந்த பிரீமியத்துக்கு எடுத்த சில பாலிசிகளில், பெருநகரத்தில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். எடுக்கும்போதே "பெங்களூருல சேர்ந்தா முழுசா குடுப்பீங்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் புகார், பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை. ஊரில் தனி ரேஷன் கார்டோடு இருக்கும் அப்பா அம்மாவுக்கு இது கிடைக்குமா என்று விசாரியுங்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். பெங்களூரு மருத்துவமனைக்குக் கிளம்புமுன், அது பட்டியலில் உள்ளதா என்று 1800 425 3993-இல் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இனி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கப்படும் கேள்வி.

பத்தொன்பது, இருபது வயதில் தூரத்து மாவட்டங்களிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்து தங்கும் பெண்கள், வீட்டுக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு ஓ.டி. பார்க்கும் அண்ணன்கள், இவர்களுக்கு முதலில் தெரிவது உடம்பு வலிதான். தலை பாரம், நெஞ்சு படபடப்பு, வயிறு எரிச்சல் என்று வருவார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். "அப்ப ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?" என்று கேட்கும்போது குரலில் ஏமாற்றம் தெரியும். "ஒண்ணும் இல்லை" என்று நான் சொல்வதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

எங்கே போவது? 14416-க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம், தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பேசலாம். மூன்று மொழி கலந்து பேசும் நம் ஊருக்கு அது பெரிய வசதி. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று ஓசூர் அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பெங்களூரில் எந்தச் சாலையில் இருக்கிறது தெரியுமா? ஓசூர் ரோட்டில். நம் பஸ் தினமும் போகிற வழி. நாட்டின் நாலா பக்கமிருந்தும் ரயிலேறி வருகிற இடத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு, "அங்க போனா பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்று நாம் தள்ளிப்போடுகிறோம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போக வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மருந்தையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததை என் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. நோயை மறைத்து, வைத்தியம் பார்க்காமல் விடும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மாத்திரை அடிமையாக்கிவிடுமா என்று பயப்படுவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதைப் பழக்கம் போல ஆவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடுவது தூக்க மாத்திரைதான். கடையில் சீட்டில்லாமல் அதை வாங்கி விழுங்குபவர்கள்தான் எனக்குக் கவலை. செலவு பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் கடுமையான மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு வருடம் சந்தா கட்டியவருக்கு 80 சதவீதச் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு கிடைக்கும்.

யாராவது "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து 14416-க்கு நீங்களே போன் போடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். களி சாப்பிடலாம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பாலிஷ் போட்ட அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் ராகியும் மாவுச்சத்துதான். சுகர் உள்ளவர்கள் இரண்டு உருண்டைக்குப் பதில் ஒன்று, கூடவே கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ மார்கழியில் பிதுக்குப்பருப்போ தாராளமாக. கூழாகக் கரைத்து டம்ளர் டம்ளராகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், வெல்லம் போட்டால் கேட்கவே வேண்டாம். ஜிம்முக்குப் போகும் பையன்கள் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் அதைத் தவிர்க்கவே சொல்கிறது. அந்தக் காசுக்கு முட்டையும் சுண்டலும் வாங்குங்கள். நைட் ஷிப்ட்காரர்கள் ஷிப்டுக்கு முன் முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நடு இரவில் கொஞ்சமாகச் சாப்பிடுவது நல்லது. ராத்திரி முழுக்க டீயிலேயே ஓட்டுபவர்கள் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஐந்து டீ என்றால் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்வது நாளுக்கு 25 கிராமுக்குள்.

கெலவரப்பள்ளியில் இருப்பதால் என்னிடம் தனியாகக் கேட்கும் கேள்வி: அணைத் தண்ணீரில் விளைந்த காயைச் சாப்பிடலாமா? நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் சோப்பு நீரையும் சுமந்துகொண்டு இங்கே நுரையாக வந்து விழுவதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். காயை ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பது போகும், செடி உறிஞ்சிக்கொண்டது போகாது. ஒரே தோட்டத்துக் கீரையையே தினமும் வாங்காமல் உழவர் சந்தையில் பல ஊர்க் காய்களை மாற்றி மாற்றி வாங்குங்கள், கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடியுங்கள். அந்தத் திட்டமே கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்காக வந்ததுதான். போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆற்றைச் சுத்தம் செய்வது வீட்டுச் சமையலறையில் முடிகிற காரியமில்லை, அது இரண்டு மாநில அரசுகளின் கடமை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சுகர், பிரஷர் மாத்திரையை வீடு தேடி வந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பெயர் அதில் பதிந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

நிர்வாகத்திலும் காண்ட்ராக்ட் நடத்தும் இடத்திலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் ஹெல்மெட், ஷூ பற்றிச் சொல்கிறீர்கள். அதோடு பத்து நிமிடம் ஒதுக்கி, ஐ.பி. எண் எது, குடும்பத்தாரை எப்படிச் சேர்ப்பது, 14416 எதற்கு என்பதை அவரவர் மொழியில் சொல்லுங்கள். கேன்டீன் சுவரில் எழுதியும் வையுங்கள்.