விலைவாசி ஏறும்போது எதை முதலில் குறைப்பது?

அரிசியும் பருப்பும் எண்ணெயும் சமையல் எரிவாயுவும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போக, கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறாமல் பின்தங்கி நிற்கும் இக்காலத்தில், கைக்காசு போதாத குடும்பம் முதன்முதலாகச் செய்கிற காரியம் தன் ஆகாரத்தைச் சுருக்கிக்கொள்வதே ஆகும். அரை லிட்டர் பால் கால் லிட்டராகிறது, முட்டை நின்றுபோகிறது, சாம்பாரில் பருப்பு குறைகிறது, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ண உட்காரும் தாயின் தட்டில் சோறும் ரசமும் மட்டுமே மிஞ்சுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார், வீட்டுக்காரர் தேதி தவறாமல் கேட்பார், ஆனால் வயிறு ஒன்றே எவரிடமும் முறையிடாமல் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் இந்த வரிசை தலைகீழானது. முதலில் குறைக்க வேண்டியது வட்டி, அடுத்துச் செய்ய வேண்டியது உரிமையாக வர வேண்டியவற்றைக் கேட்டுப் பெறுவது, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அடுக்களைக்குள் கை வைக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். தமிழ்நாட்டில் நாட்கூலியிலோ சிறு சம்பளத்திலோ ஜீவனம் நடத்தும் குடும்பத்தை மனத்தில் கொண்டு, அந்த வரிசையிலேயே வழியைச் சொல்லுகிறேன்.

முதற்படி, ஒரு மாதம் முழுவதும் கணக்கு எழுதுவது. பிள்ளையின் பழைய நோட்டில் மிஞ்சிய தாள்களே இதற்குப் போதும். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதலாம். ஒவ்வோர் இரவும் அன்றைய வரவையும் செலவையும், தேநீர், பீடி, வெற்றிலைபாக்கு, செல்போன் ரீசார்ஜ், கணவர் குடிப்பவரானால் அந்தச் செலவு உட்பட, ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எழுதும் மாதத்தில் எவரையும் குற்றம் சொல்லிச் சண்டையிடலாகாது. சண்டை வந்தால் உண்மை மறைந்துவிடும், உண்மை மறைந்தால் கணக்கினால் பிரயோஜனமில்லை. மாதந்தோறும் வராத செலவுகளையும், அதாவது ஜூன் மாதத்துப் பள்ளிச் செலவு, தீபாவளி, பொங்கல், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வைக்கும் மொய் ஆகியவற்றையும், ஆண்டுக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டுப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழைக் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் அன்றாடச் செலவன்று. வரும் என்று தெரிந்திருந்தும் தயாராக இல்லாத இந்தச் செலவுகளே.

இரண்டாவது படி கடன். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். யாரிடம், எவ்வளவு, எந்த வட்டிக்கு, எதை அடகு வைத்து, எதில் கையெழுத்திட்டு வாங்கினோம் என்று எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றின் வட்டியையும் ஆண்டு விகிதத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ‘மூன்று வட்டி’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 ரூபாய். ‘பத்து வட்டி’ என்றால் ஆண்டுக்கு 120 ரூபாய், அதாவது ஓராண்டில் அசலையும் விஞ்சிய வட்டி. தண்டல் கடனில் இந்த விகிதம் வெளியே தெரிவதேயில்லை. 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாள்தோறும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கும்போது, வாங்கியவர் அதை மொத்தத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி என்றே எண்ணிக்கொள்கிறார். ஆனால் மறுநாள் முதலே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதையும், கடனின் காலம் நூறே நாள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது ஆண்டுக்கு ஏறக்குறைய 78 சதவீத வட்டியாகும்; முன்பிடிப்பு 1,500 ரூபாயானால் 120 சதவீதத்தை எட்டிவிடும். கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ நகையை ஈடு வைத்து வாங்கும் கடனுக்கு ஆண்டு வட்டி ஏறக்குறையப் பத்துச் சதவீத அளவில்தான் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும் எந்தக் குடும்பமும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தானே உணர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான்: தொகை சிறிதோ பெரிதோ, எந்தக் கடனுக்கு வட்டி மிக அதிகமோ அதை முதலில் அடைக்க வேண்டும், மற்றவற்றுக்குத் தவணை தவறாமல் மட்டும் செலுத்தி வர வேண்டும். பெட்டியில் கிடக்கும் ஒரு தோடோ மூக்குத்தியோ இருந்தால், அதைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத் தண்டலைத் தீர்ப்பது நஷ்டமன்று. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: தண்டல் தீர்ந்த கையோடு இன்னொரு தண்டல் வாங்கினால், நகையும் போய்க் கடனும் அப்படியே நிற்கும், ஆதலால் இனி வாங்குவதில்லை என்று கணவனும் மனைவியும் சேர்ந்து தீர்மானித்த பிறகே நகையை எடுக்க வேண்டும்.

வட்டிக்கு விடுபவர் வரம்பு மீறினால் அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு அதீத வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றின் பெயரைச் சொல்லியே தடைசெய்து, மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது. மிரட்டலோ அவமானப்படுத்தலோ நேர்ந்தால், காவல் நிலையத்தோடு நிற்காமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, அதற்குரிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். எந்நிலையிலும் எழுதாத பத்திரத்திலோ தொகை நிரப்பாத காசோலையிலோ கையெழுத்திடலாகாது, ஏ.டி.எம். அட்டையையும் ரேஷன் அட்டையையும் ஈடாகக் கொடுத்துவிட்டு வரலாகாது.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து வார வாரம் கட்டும் நுண்கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்குக் கொடுக்கும் இத்தகைய கடனில், அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளையும் சேர்த்தாலும் மாத வருமானத்தில் பாதிக்கு மேற்போகக் கூடாது என்று 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கடன் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் வருமானத்தைக் கூட்டியும் பழைய கடனை மறைத்தும் சொல்பவர், தம்மைக் காக்க எழுதப்பட்ட விதியைத் தாமே அழித்துக்கொள்கிறார். மூன்றாவது குழுக் கடனை அடைக்க நான்காவதை வாங்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்துவிட்டால், வாங்காமல் நின்று, நிறுவனத்தின் அலுவலகத்துக்கே நேரில் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பதே விவேகம்.

மூன்றாவது படியாக, உரிமைகளைத் தேடிப் பெற வேண்டும். இதை யாசகம் என்று கருதிக் கூச்சப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீப்பெட்டி முதல் செருப்பு வரை வாங்கும் பொருள்தோறும் வரி கட்டும் ஏழைக்கு இதில் கூச்சப்பட ஏதுமில்லை. குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறியதனால் விண்ணப்பங்கள் நின்றுபோவதுண்டு. இ-சேவை மையத்தில் அதைத் திருத்திக்கொள்ள ஒருநாள் கூலி போனாலும் பாதகமில்லை.

நியாய விலைக் கடையில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் பருப்பும் எண்ணெயுமே இதில் பெரிய லாபம். அவ்விரண்டும் வந்திருக்கும் நாளைத் தவறவிடலாகாது. வாங்காத பொருளை வாங்கியதாகச் செல்போனில் செய்தி வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளும், வீட்டு மின்நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதை அறியாமல் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். கட்டட வேலை செய்பவர்கள் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டு, பதிவைக் காலம் தவறாமல் புதுப்பித்து வந்தால், பிள்ளைகளின் கல்விக்கு உதவியும், விபத்துக்கு நிவாரணமும், அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியமும் பெறலாம். சித்தாளாக உழைக்கும் பெண்களும் கணவரின் பதிவே போதும் என்று இராமல் தங்கள் பெயரில் தனியே பதிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, வியாதிக்கு முன்னேற்பாடு. தேறிவரும் குடும்பத்தை ஒரே வாரத்தில் பழைய குழியில் தள்ளுவது ஆஸ்பத்திரிச் செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு இடமுண்டு. ஆனால் நெஞ்சுவலி வந்த இரவில் வருமானச் சான்றிதழுக்கு அலைய முடியாது, நலமாக இருக்கும்போதே அட்டையை வாங்கி வைக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் கடையில் மாத்திரை வாங்குபவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை இலவசமாகக் கிடைப்பதையும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வருவதையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். விலைவாசிக்காக மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குபவர்களுக்குக் கை கூப்பிச் சொல்லுகிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். அதனால் மிச்சமாகும் சில ரூபாய்க்கு ஈடாகப் பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ வந்து சேரக்கூடும்.

அடுத்து, மொத்தமாகப் போகும் செலவுகள். வீட்டு மின்இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் உயர்ந்துவிடும். ஆகையால் கணக்கெடுப்புத் தேதியைத் தெரிந்துகொண்டு மீட்டரை இடையிடையே பார்த்து வருவது பயன் தரும். வாடகை வீட்டில் தனி மீட்டர் இல்லாமல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரருக்குக் கொடுப்பவர்களுக்கு அந்த 100 யூனிட் சலுகை கிட்டுவதில்லை. வீடு மாறும்போது வாடகையோடு இதையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணமில்லை. ஷேர் ஆட்டோவுக்குத் தினம் கொடுக்கும் காசை இதனால் மீட்கலாம்.

மதுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். ஒரு குவார்ட்டருக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், தினம் ஒன்று என்றால் மாதம் 4,500 ரூபாய் ஆகிறது. பல குடும்பங்களின் வீட்டு வாடகை அவ்வளவுதான். பழக்கம் முற்றியவரை வசையினால் திருத்த முடியாது; அது சிகிச்சைக்குரிய நோய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் அதற்கு வைத்தியம் இருக்கிறது. அழைத்துச் செல்வது மனைவி ஒருத்தியின் பாரமாக இராமல், அவர் மதிக்கும் ஒரு மாமனோ பெரியப்பாவோ உடன் போவது நல்லது.

இனி அடுக்களை. இங்கே நான் சொல்வது குறைப்பதன்று, மாற்றுவது. காலையில் கடை மாவும் பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கும் காசுக்குக் கேழ்வரகுக் கூழோ கம்மஞ்சோறோ செய்தால் பிள்ளைகளுக்குப் பசியும் அடங்கும், சத்தும் சேரும். முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு, வேர்க்கடலை ஆகியவை மலிவானவை என்பதற்காக மதிப்புக் குறைந்தவை அல்ல. பயறுகளை இரவே ஊற வைத்தால் எரிவாயு மிச்சமாகும். 1999-இல் மதுரையில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தை அருகில் இருந்தால், வாரம் இருமுறை காய்கறியை அங்கே வாங்கலாம். மளிகைக் கடையில் நோட்டுக் கடன் வைத்திருப்பவர் விலையைக் கேட்கும் தைரியத்தை இழந்துவிடுகிறார். ஆகவே தண்டலுக்கு அடுத்தபடி அடைக்க வேண்டியது அந்த நோட்டு. அடைத்த பின்பு, தெருவிலுள்ள நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பருப்பையும் புளியையும் மிளகாயையும் மொத்த விலைக் கடையில் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள், நுகர்வோர் ஒன்றுகூடி வாங்கும் இந்த யுக்தியை ஒரு ஸ்தாபனமாகவே வளர்த்துக் காட்டினார்கள். பாலும் முட்டையும் மட்டும், குறிப்பாகக் கருவுற்ற பெண்ணும் சிறு குழந்தையும் உள்ள வீட்டில், எக்காரணம் பற்றியும் நிறுத்தலாகாது.

கடைசியாகச் சேமிப்பு. தண்டல் கட்டி முடிந்த மறுநாள் அந்த 100 ரூபாய் கையில் தங்கும். தங்கினால் கரைந்தும் போகும். ஆகவே வசூலுக்கு ஆள் வரும் அதே நேரத்தில், அதே 100 ரூபாயை ஓர் உண்டியலில் போட்டு, வாரம் ஒருமுறை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் கட்ட வேண்டும். 500 ரூபாய் இருந்தால் அக்கணக்கைத் தொடங்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவிலும் சேமிக்கலாம். பதிவு பெறாத தீபாவளிச் சீட்டில் மட்டும், நடத்துபவர் எவ்வளவு தெரிந்தவராயினும், போடலாகாது. நூறு நாளில் 10,000 ரூபாய் சேர்ந்துவிடும். தண்டல்காரர் எந்தத் தொகையைக் கடனாகப் பேசி 9,000 மட்டும் கொடுத்தாரோ, அந்தத் தொகை முழுதாகக் கணக்கில் இருக்கும். நாளுக்கு நூறு முடியாத மாதத்தில் ஐம்பது போடலாம், இருபதும் போடலாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, எடுத்த தொகையை நோட்டில் கடன் என்றே எழுதி, ஜூலை முதல் தேதியிலிருந்து மறுபடி நிரப்பத் தொடங்க வேண்டும்.