கேட்டாலும் கொடுக்க முடியாத சாவி

2022 ஜூலை 20 அன்று, அமெரிக்காவின் கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர்களில் குறைந்தது 76 பேருடைய கைப்பேசிகளுக்கு ஒரு நிமிடத்துக்குள் ஒரே மாதிரியான குறுஞ்செய்தி வந்தது. பணிநேர அட்டவணை மாறியிருக்கிறது, இங்கே தொட்டுப் பாருங்கள் என்றது செய்தி. தொட்டவர்களுக்குத் திறந்தது, நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்தை அச்சு அசலாகப் பிரதியெடுத்த போலிப் பக்கம். இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அது. அப்படியும் மூன்று பேர் தங்கள் கடவுச்சொல்லை அதில் தட்டிவிட்டார்கள். தட்டிய மறுகணமே அது டெலிகிராம் வழியாகத் திருடர்கள் கைக்குப் போனது. அடுத்ததாக ஓடிபி கேட்கவும் அந்தப் பக்கம் தயாராக இருந்தது.

ஆனால் கிளவுட்ஃபிளேர் ஓடிபியை நம்பி இருக்கவில்லை. ஊழியர் ஒவ்வொருவரிடமும் பென்டிரைவ் போன்ற சிறிய பாதுகாப்புச் சாவி ஒன்று இருந்தது. அந்தச் சாவி உண்மையான முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். மனிதக் கண் ஏமாந்த இடத்தில் அது ஏமாறவில்லை. கடவுச்சொல் கையில் இருந்தும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. ஏறக்குறைய அதே நாட்களில் இதே பாணியில் தாக்கப்பட்ட ட்விலியோ நிறுவனத்திலோ, ஊழியர்களிடமிருந்து பறித்த விவரங்களை வைத்து வாடிக்கையாளர் தகவல்வரை போய்விட்டார்கள்.

அந்தச் சிறிய சாவிக்குள் இருந்த நுட்பம்தான் இப்போது பாஸ்கீ என்ற பெயரில் சாதாரணக் கைப்பேசிகளுக்கு வந்திருக்கிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் சேர்ந்து இதற்கு ஆதரவை அறிவித்தன. 2023 மே மாதத்தில் கூகுள் கணக்குகளுக்கும், அதே ஆண்டு அக்டோபரில் அமேசானுக்கும் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்புக்கும், 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட்டின் தனிநபர் கணக்குகளுக்கும் இந்த வசதி கிடைத்தது. காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை. கைப்பேசியைத் திறக்கப் பயன்படும் கைரேகையோ முகமோ பின் நம்பரோதான் கணக்கையும் திறக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். பாஸ்கீ உருவாக்கும்போது, ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு சாவிகள் பிறக்கின்றன. பொதுச் சாவி இணையதளத்துக்குப் போகிறது. ரகசியச் சாவி அங்கே போவதே இல்லை. உள்நுழைய முயலும் ஒவ்வொரு முறையும் தளம் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். கைப்பேசி ரகசியச் சாவியால் அதில் கையொப்பம் இட்டுத் திருப்பி அனுப்பும். தளம் தன்னிடம் உள்ள பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். எந்த முகவரிக்காக உருவானதோ அந்த முகவரிக்கு மட்டுமே கையொப்பம் கிடைக்கும். ஓர் எழுத்து மாறிய போலித் தளம் என்றாலும் கைப்பேசி அசையாது.

இதனால் இரண்டு பெரிய ஓட்டைகள் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் களவு போயின. அத்தனையும் அப்படியே படிக்கும் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன. பாஸ்கீ உள்ள தளத்தைக் கொள்ளையடித்தால் பொதுச் சாவிகள்தான் கிடைக்கும். அவற்றை வைத்து யார் கணக்கிலும் நுழைய முடியாது. இரண்டாவது, “சார், உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்க” என்று பேசும் ஆசாமிகள். பாஸ்கீயில் சொல்வதற்கு நம்பரே கிடையாது. பயந்துபோன ஒருவர், முழுமனதோடு கொடுக்க நினைத்தாலும் தொலைபேசியில் வாசித்துக் கொடுக்க எதுவும் இல்லை. வயதானவர்களின் கணக்குகளுக்கு இதை முதலில் போட்டுத்தர வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கைரேகை கூகுளுக்குப் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஆதார் கைரேகை மோசடிச் செய்திகளைப் படித்தவர்களுக்கு அது நியாயமான பயமும்கூட. ஆதாரில் கைரேகை ஒரு மையத்துக்குப் போய் ஒப்பிடப்படுகிறது. பாஸ்கீயில் அது கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. சரி அல்லது தவறு என்று கைப்பேசி தனக்குள்ளேயே முடிவு செய்துகொள்கிறது. சமையலிலும் கட்டட வேலையிலும் விரல் ரேகை தேய்ந்தவர்கள் பின் நம்பரையே பயன்படுத்தலாம். பாதுகாப்பில் குறைவு எதுவும் வராது.

தொடங்குவதற்கு முன்

எல்லாக் கணக்குகளுக்கும் மூலக்கணக்கு ஜிமெயில்தான். மற்ற தளங்களில் கடவுச்சொல்லை மறந்தால் புதுப்பிக்கும் இணைப்பு அங்கேதான் வருகிறது. ஆகவே முதல் பாஸ்கீ கூகுள் கணக்குக்கு.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, ஐஃபோன் என்றால் ஐஓஎஸ் 16 முதல், கணினி என்றால் விண்டோஸ் 10 முதல் இது இயங்கும். கைப்பேசிக்குத் திரைப்பூட்டு கட்டாயம். பேட்டர்ன் கோடு பக்கத்தில் இருப்பவர் கண்ணில் எளிதாகப் பதிந்துவிடும். ஆறு இலக்கப் பின் நம்பருக்கு மாறிக்கொள்வது நல்லது. திரைப்பூட்டு தெரிந்தவர் யாராக இருந்தாலும் பாஸ்கீயும் அவர் கையில் இருப்பதாகவே பொருள். வீட்டில் பிள்ளைகளுக்கும் அந்தப் பின் தெரியும் என்றால், பாஸ்கீ போடுவதற்கு முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது, அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் வேலை: மீட்பு எண். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் ரெகவரி ஃபோன், ரெகவரி ஈமெயில் என்று இரண்டு இருக்கும். கைப்பேசி வாங்கிய அன்று கடைப் பையனே ஜிமெயில் திறந்து கொடுத்த கணக்குகள் நம் ஊரில் ஏராளம். அதில் யாருடைய எண் இருக்கிறது என்று பலர் இன்றுவரை பார்த்ததே இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் இருந்தால் இன்னும் ஆபத்து. இந்தியாவில், இணைப்புத் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்த முகம் தெரியாத ஒருவருக்குத்தான் பிறகு மீட்புச் செய்தி போய்ச் சேரும். முன்வாசலில் பாஸ்கீ போட்டுவிட்டு மீட்பு எண்ணை இப்படி விட்டால், கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான்.

பாஸ்கீ உருவாக்குதல்

கைப்பேசியின் செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் தொட்டு, மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே செக்யூரிட்டி பகுதியில், உள்நுழையும் முறைகளின் பட்டியலில் பாஸ்கீஸ் அண்ட் செக்யூரிட்டி கீஸ் இருக்கும். தமிழில் பாஸ்கீயைக் கடவுச்சாவி என்றும் சொல்கிறார்கள். பழைய கடவுச்சொல்லை ஒருமுறை கேட்கும். பிறகு கிரியேட் எ பாஸ்கீ என்ற பொத்தானைத் தொட்டு, கைரேகையோ பின்னோ கொடுத்தால் முடிந்தது. ஆண்ட்ராய்டில் சிலருக்கு, தானாகவே உருவான பாஸ்கீ ஒன்று பட்டியலில் முன்பே இருக்கும். பயப்பட வேண்டாம், கணக்கைச் சேர்த்த அந்தக் கைப்பேசியின் பெயரில்தான் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடையாளம் தெரியாத பெயர் இருந்தால் உடனே நீக்கிவிட வேண்டும்.

உருவாக்கியதோடு விடாமல், சோதித்தும் பார்க்க வேண்டும். கணினியில் குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் பாஸ்கீ கேட்கும். கைப்பேசியைப் பயன்படுத்துவதாகச் சொன்னால் திரையில் க்யூஆர் கோடு வரும். அதைக் கைப்பேசிக் கேமராவால் ஸ்கேன் செய்து விரல் வைத்தால் கணினியில் கணக்கு திறந்துவிடும். கணினியிலும் கைப்பேசியிலும் புளூடூத் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பலருக்கு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. இரண்டையும் பேரிங் செய்யத் தேவையில்லை. கைப்பேசி உண்மையிலேயே கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் புளூடூத். வேறு ஊரில் இருப்பவர் தன் கணினியில் தோன்றிய க்யூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால், இந்தச் சோதனையில் அவர் அடிபட்டுப்போவார்.

சொந்த மடிக்கணினியில் உள்நுழைந்த பிறகு, இதிலும் பாஸ்கீ உருவாக்கவா என்று கேட்டால் தாராளமாகச் சரி சொல்லலாம். பிரவுசிங் சென்டரிலும் அலுவலகத்தின் பொதுக் கணினியிலும் கூடவே கூடாது. அங்கே க்யூஆர் வழியாக நுழைந்து, வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்துவிட்டு வர வேண்டும்.

இரண்டாவது சாவி

ஒரே ஒரு பாஸ்கீயோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஒரே கணக்குக்கு எத்தனை கருவிகளில் வேண்டுமானாலும் தனித்தனிப் பாஸ்கீ வைக்கலாம். கைப்பேசியில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று என்பது நல்ல ஏற்பாடு. மடிக்கணினி இல்லாதவர்கள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி, பேக்கப் கோட்ஸ் எடுத்து வைக்கலாம். எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கைப்பேசியில் வைப்பதால் பயன் இல்லை. கைப்பேசி போனால் அதுவும் கூடவே போகும்.

மற்ற தளங்களின் பாஸ்கீகளை ஆண்ட்ராய்டு, கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரிலும், ஐஃபோன் ஐகிளவுட் கீசெயினிலும் பூட்டிச் சேமிக்கின்றன. புதுக் கைப்பேசியில் அவற்றை மீட்கும்போது பழைய கைப்பேசியின் திரைப்பூட்டையோ, பாஸ்வேர்ட் மேனேஜருக்கென்று வைத்த பின்னையோ ஆண்ட்ராய்டு கேட்கும். கைப்பேசி மாறினாலும் பழைய பின் நினைவில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுகிறவர்கள், பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பே புதியதில் ஒவ்வொரு கணக்குக்கும் புதுப் பாஸ்கீ போட்டுக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி. அதன் பிறகு பழைய கைப்பேசியை ஃபேக்டரி ரீசெட் செய்து, கணக்குப் பட்டியலிலிருந்து அதன் பாஸ்கீயையும் நீக்கிவிடலாம்.

பாஸ்கீ வந்ததும் பழைய கடவுச்சொல் செத்துவிடுவதில்லை. கூகுள் அதை மாற்றுவழியாக வைத்துக்கொள்கிறது. அது இன்னமும் பிள்ளை பெயரும் பிறந்த வருடமுமாக இருந்தால், பாஸ்கீயைச் சுற்றிக்கொண்டு போகத் திருடனுக்கு வழி இருக்கிறது. வேறு எங்கும் பயன்படுத்தாத நீளமான ஒன்றாக மாற்றி, எழுதிப் பூட்டி வைத்துவிடலாம்; தினமும் தேவைப்படாத கடவுச்சொல் நினைவில் நிற்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் கடவுச்சொல்லை அடியோடு நீக்கிவிடவே வசதி இருக்கிறது.

மற்ற கணக்குகளில் வேலை குறைவு. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், பாஸ்கீஸ் என்று போனால் ஒரு நிமிடத்தில் முடியும். அங்கேயே டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின்னையும் போட்டுவிட வேண்டும். அமேசானில் லாகின் அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பாஸ்கீ இருக்கிறது.

எல்லாத் திருட்டுக்கும் இது மருந்து அல்ல. யுபிஐ பின்னைத் தானே தட்டிப் பணம் அனுப்புகிறவரைப் பாஸ்கீ தடுக்காது. எனிடெஸ்க் போன்ற திரைப்பகிர்வுச் செயலிகளை ஏற்றச்சொல்லிப் பணம் பறிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கைப்பேசி தொலைந்தால்

திருடியவருக்குத் திரைப்பூட்டு தெரியாதவரை பாஸ்கீயைப் பயன்படுத்த முடியாது. அதனால் நிதானமாக, ஆனால் அன்றே, வரிசையாகச் செய்யலாம். வீட்டில் இன்னொருவருடைய கருவியிலோ மடிக்கணினியிலோ இரண்டாவது பாஸ்கீயாலோ, கடவுச்சொல்லோடு பேக்கப் கோடையும் கொடுத்தோ கூகுள் கணக்கைத் திறந்து, தொலைந்த கைப்பேசியைத் தொலைவிலிருந்தே பூட்ட வேண்டும். பிறகு யுவர் டிவைசஸ் பட்டியலில் அதைச் சைன் அவுட் செய்து, பாஸ்கீ பட்டியலிலிருந்தும் அதன் பெயரை நீக்க வேண்டும். சிம்மைத் தடுத்து அதே எண்ணில் மாற்று சிம் வாங்கும்வரை, ஓடிபியை நம்பியிருக்கும் வங்கிச் செயலிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அவற்றை வங்கிக்குச் சொல்லி நிறுத்திவைக்கலாம். கடைசியாக, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால், கைப்பேசியையே இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காமல் முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். இப்போதே கைப்பேசியில் *#06# அழுத்திப் பார்த்து, பேக்கப் கோட்ஸ் எழுதிய அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம்.